ஏற்காட்டின் நூற்றாண்டுப் பள்ளிக்கு நம் மாணவர்களை அழைத்துச் செல்வது குறித்து

சேலம் தமிழாசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். சேலம் நகரில் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் மாணவர் தலைவர்களாகப் பொறுப்பேற்றிருக்கும் பதினோராம் வகுப்பு மாணவர்கள் சிலரை, புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917ஆம் ஆண்டில் ஏற்காட்டில் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளிக்கு ஒருநாள் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். கட்டடங்களையும் மைதானங்களையும் பார்த்துவிட்டுத் திரும்புவதோடு நில்லாமல், நூறாண்டைக் கடந்த ஓர் உறைவிடப் பள்ளி தன் வழக்கங்களை ஓர் அணி மாணவர்களிடமிருந்து அடுத்த அணிக்கு எவ்வாறு கொடுத்து வருகிறது என்பதை அவர்கள் கவனித்து வர வேண்டும் என்று எண்ணுகிறேன். அங்கே எதைப் பார்க்கச் சொல்லலாம், எவற்றைக் கேட்டறியச் சொல்லலாம்? அத்தகைய வளாகத்தைக் கண்ட பிறகு எங்கள் பிள்ளைகள் தங்கள் பள்ளியைக் குறைவாக எண்ணிவிடுவார்களோ என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

மலை விடுதிப் பழைய மாணவர்:

ஐயா, வணக்கம். நான் மான்ட்ஃபோர்ட்டில் படித்தவன் அல்லன். வேறொரு மலைப் பள்ளியின் விடுதியில் எழுபதுகளில் வளர்ந்தவன். ஆயினும் இத்தகைய பள்ளிகளின் அன்றாடம் பெரும்பாலும் ஒரே அச்சில் அமைந்தது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பள்ளிகள் யாருக்காக எழுந்தன என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்களுக்கும் அஞ்சிய ஐரோப்பியர்களும், ரயில்வேயிலும் பிற துறைகளிலும் ஊர் ஊராக மாற்றலாகிச் சென்ற ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினரும் தங்கள் பிள்ளைகளை மலைக்கு அனுப்பினார்கள். அக்காலத்தில் அவர்கள் எழுதிய கேம்பிரிட்ஜ் தேர்வின் விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்று திருத்தப்பட்டன. விடுதலைக்குப் பின் அக்குடும்பங்களில் பல நாட்டை விட்டுச் சென்றன. அந்த இடங்களில் தோட்ட உரிமையாளர், வணிகர், அலுவலர் வீட்டுப் பிள்ளைகள் வந்து அமர்ந்தார்கள், 1958இல் ஐ.சி.எஸ்.இ. எனும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான குழு அமைந்த பின் பாடத்திட்டமும் மாறியது. ஆண்களுக்கென்றே இருந்த மான்ட்ஃபோர்ட்டில் இன்று மாணவியரும் படிக்கின்றனர். இவ்வளவு மாற்றங்களுக்கு நடுவிலும் ஒரு வழக்கம் நிலைத்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். உங்கள் மாணவர்கள் அந்தக் காரணத்தைத்தான் கேட்டறிய வேண்டும்.

என்னைக் கேட்டால், விடுதி வாழ்க்கையின் உயிர் மாலைப் படிப்பு நேரத்தில்தான் இருக்கிறது. பெரிய கூடத்தில் எல்லா வகுப்பு மாணவர்களும் வரிசையாக அமர்ந்திருக்க, மேற்பார்வைக்கு ஒருவரே இருந்தாலும் பேச்சரவம் எழாது. அந்த அமைதியை யாரும் அதட்டிக் கற்றுத்தருவதில்லை. புதிதாக வந்த ஐந்தாம் வகுப்புச் சிறுவன் பக்கத்து மேசை அண்ணனைப் பார்த்தே கற்றுக்கொள்கிறான். உணவுக்கூடத்திலும் அப்படித்தான்: பாத்திரம் கைமாறி வரும்போது கடைசியில் இருப்பவனுக்கும் மிஞ்சுமா என்று பார்த்து எடுத்துக்கொள்ளும் பழக்கம் வயிறு பசித்திருக்கும் வயதிலேயே வந்துவிடுகிறது. சுவரில் வரிசை வரிசையாகப் பெயர்கள் எழுதிய ஹானர்ஸ் போர்டுகள் இத்தகைய பள்ளிகளில் இருக்கும். எத்தனையோ ஆண்டுகளுக்கு முந்தைய விளையாட்டுத் தலைவனின் பெயருக்குக் கீழே நின்று நாள்தோறும் பிரேயர் சொல்லும் பிள்ளைக்குத் தானும் அந்த வரிசையில் ஒருவன் என்ற எண்ணம் தானாகவே உண்டாகிறது.

ஆனால் வழக்கம் என்ற பெயரில் வருவன எல்லாம் நல்லவை அல்ல. நான் படித்த விடுதியில் பெரிய வகுப்பு மாணவர்கள் சிறியவர்களைக் காலணி துடைக்கச் செய்ததும், மறுத்தவர்களை இரவில் வெளியே நிற்க வைத்ததும் ‘மரபு’ என்றே சொல்லப்பட்டன. பலர் அதைச் சிரித்துக்கொண்டு நினைவுகூர்கிறார்கள், என்னால் முடிவதில்லை. ராகிங்கைத் தடை செய்யத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆகவே, எந்தெந்த வழக்கங்களைக் கைவிட்டீர்கள், ஏன் கைவிட்டீர்கள் என்ற கேள்வியையும் உங்கள் மாணவர்கள் பணிவோடு கேட்கட்டும்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, ஆத்தூர்:

ஐயா, பிள்ளைகள் தங்கள் பள்ளியைக் குறைவாக எண்ணிவிடுவார்களோ என்ற உங்கள் கவலைக்குப் பதில் சொல்கிறேன். பிள்ளைகள் வெறுங்கையோடு போனால்தான் தாழ்வாக உணர்வார்கள். சொல்லிக்கொள்ளத் தங்களிடமும் ஒன்று இருந்தால் சமமாக உட்கார்ந்து பேசுவார்கள். அதனால் புறப்படுவதற்கு முன்பே உங்கள் பள்ளியின் மிகப் பழைய சேர்க்கைப் பதிவேட்டை அவர்களைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தெந்தத் தெருப் பிள்ளைகள் வந்தார்கள், தந்தையர் என்ன தொழில் செய்தார்கள் என்பதைக் குறித்துக்கொண்டால், சேலத்தின் பகுதிகளான செவ்வாய்ப்பேட்டையும் அம்மாப்பேட்டையும் குகையும் அந்தப் பக்கங்களில் எழுந்து வரும். தறி நெய்தவரின் மகன் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் வந்த கதை எந்த மலைப் பள்ளியின் கதைக்கும் இளைத்ததன்று.

மேலும், மாணவர்களைக் குழுக்களாகப் பிரிக்கும், இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகளில் பிறந்த ஹவுஸ் முறை இன்று நம்மிடமும் இருக்கிறது. 2024இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய மகிழ்முற்றம் திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், பாலை, நெய்தல் என்று மாணவர்கள் பிரிக்கப்பட்டிருக்கிறார்களே, அதன் வேர் அங்கேதான். பெயரளவில் நிற்கும் ஒரு குழுவுக்கு எப்படி உயிர் கொடுப்பது என்பதை மான்ட்ஃபோர்ட்டின் ஹவுஸ் கேப்டன்களிடம் கேட்டால் உங்கள் மாணவர்களுக்கு உடனே பயன்படும். நடிகர் விக்ரம் அங்கே படித்தவர் என்பதையும் சொல்லிவிடுங்கள். பையன்கள் பேருந்தில் ஏறும்போதே உற்சாகமாக இருப்பார்கள்.

சேலம் தமிழாசிரியர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பதிவேட்டைப் புரட்டும் பணியை வரும் வாரமே தொடங்கிவிடுகிறோம். கைவிடப்பட்ட வழக்கங்களைப் பற்றிய கேள்வியை எங்கள் பள்ளிக்குள்ளேயே முதலில் கேட்டுக்கொள்வதும் நியாயமென்று தோன்றுகிறது. அனுமதி பெறும் முறையையும் பயணத்தையும் பற்றி அங்கேயே வசிப்பவர்கள் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏற்காடு வாசி:

ஐயா, அது பிள்ளைகள் குடியிருக்கும் வீடு என்பதால், சுற்றுலாத் தலம் போல நேரே வாயிலுக்குச் சென்று உள்ளே விடச் சொல்வது முறையாகாது. உங்கள் தலைமையாசிரியரின் கையொப்பத்துடன் முதல்வருக்குச் சில வாரங்களுக்கு முன்பே கடிதம் எழுதுங்கள். தேர்வுக் காலத்தையும், கோடை விழாவுக்காகக் கூட்டம் பெருகும் மே மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள். படுக்கைக் கூடங்களைப் பார்க்க வேண்டுமென்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களே காட்டினால் பாருங்கள். அங்குள்ள மாணவர்களைப் படமெடுப்பதையும் அனுமதி பெற்றே செய்ய வேண்டும்.

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் பிள்ளைகளை முன்னிருக்கையில் அமர்த்திக் காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள். மாலையில் நேரம் மிஞ்சினால் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கல்லறையைக் காட்டலாம். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்லியலுக்கு வழிதிறந்தவர் ஓய்வுக்காலத்தில் குடியிருந்த ஊர் இது என்பது உள்ளூர்ப் பிள்ளைகள் பலருக்கே தெரிவதில்லை.

கடிதத்தில் மாணவர் எண்ணிக்கை, உடன்வரும் ஆசிரியர்கள், வந்து சேரும் நேரம் ஆகியவற்றோடு, எந்தெந்த மாணவர் தலைவர்களைச் சந்தித்துப் பேச விரும்புகிறீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். அவர்களுடைய பாடவேளையை ஒதுக்குவதற்கு அது வசதியாக இருக்கும். மதிய உணவைக் கையோடு கொண்டு வந்தால் ஏரிப் பக்கம் அமர்ந்து சாப்பிடலாம். குரங்குகள் வரும் என்பதால் பையைத் திறந்து வைக்காதீர்கள்.