மறு: கோல்ட் ஸ்டார்ட் = குளிர் துவக்கம்?

> கார் ஜிபிஎஸ் பராமரிப்புக் கையேட்டில் 'கோல்ட் ஸ்டார்ட்' வரும் இடங்களில் எல்லாம் 'குளிர் துவக்கம்' என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லவும்.

இருக்கிறது ஐயா.

போன ஏப்ரலில் பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை நிறுத்தியிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் ஸ்டியரிங்கில் கை வைக்க முடியவில்லை. முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஜிபிஎஸ் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. சார்ஜரில் செருகிப் போட்டால், செயற்கைக்கோளைத் தேடு தேடென்று தேடுகிறது. அன்றைக்கு என் கருவியில் நடந்ததுதான் கோல்ட் ஸ்டார்ட். அதில் குளிர் எங்கே இருந்தது?

எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் பிரித்துக் காட்டினார்கள். பாட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. வெயிலில் பூட்டிய வண்டிக்குள், முன் கண்ணாடிப் பக்கம் 60 டிகிரி தாண்டுவது சாதாரணம். லித்தியம் பாட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வதே கூடாது. நானோ மாதக்கணக்கில் அதைக் கழற்றியதே இல்லை. பாட்டரி போனதால், வண்டியை அணைத்ததும் கருவி எல்லாவற்றையும் மறந்துவிட்டது: மணி என்ன, கடைசியாக எங்கே இருந்தோம், எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது, எதுவும் தெரியாது. இங்கே இல்லாமல் போனது சூடு அல்ல, நினைவு. அதனால் என் பரிந்துரை 'வெறுந்தொடக்கம்'. வெறுங்கை, வெறும் வயிறு போல.

இன்னொரு காரணமும் உண்டு. அதே வண்டியின் எஞ்சின் கையேட்டிலும் கோல்ட் ஸ்டார்ட் வரும். அங்கே குளிர் நிஜம். டேஷ்போர்டு அறைக்குள் இரண்டு கையேடுகள் கிடந்து ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் சொன்னால் படிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

(துவக்கம் வேண்டாம், தொடக்கம் இருக்கட்டும். ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி.)

அடுத்து, கருவி மறக்கும் இரண்டு பட்டியல்கள். 'அல்மனாக்' எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான பாதை. முழுதாக இறங்க 12.5 நிமிடம் ஆகும். 'எபிமெரிஸ்' ஒவ்வொன்றின் துல்லியமான பாதை. 30 விநாடிக்கு ஒருமுறை ஒலிபரப்பாகிறது, ஏறக்குறைய 4 மணி நேரம்தான் செல்லுபடியாகும். ஒன்று தோராயம், மற்றது துல்லியம். நம் வீட்டுச் சுவரிலேயே இந்தச் சண்டை தொங்குகிறதே: பழைய வாய்பாட்டில் கணித்த வாக்கியப் பஞ்சாங்கம், திருத்திக் கணித்த திருக்கணிதப் பஞ்சாங்கம்! வாக்கியம், திருக்கணிதம் என்றே வைத்தால் என்ன?

அல்சூரிலிருந்து

---

> வாக்கியம், திருக்கணிதம் என்றே வைத்தால் என்ன?

ரசித்தேன் தம்பி, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'வாக்கியம் இறங்குகிறது, காத்திருக்கவும்' என்று திரையில் வந்தால் இலக்கணப் பாடம் என்று நினைப்பார்கள். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்தும் இல்லாததைப் பஞ்சாங்கம் என்பதிலும் எனக்கு நெருடல். வெறுந்தொடக்கம் சரி. அணைந்து கிடந்த கணினியைத் தொடங்கும் 'கோல்ட் பூட்'டுக்கும் அது பொருந்துகிறது, நினைவகம் அங்கேயும் வெறுமைதானே.

---

வாக்கியத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் ஐயா. தோராயப் பட்டியல், துல்லியப் பட்டியல் என்று விட்டுவிடலாம். வண்டி ஓட்டுகிறவருக்கு அவை இரண்டும் தேவையே இல்லை, கையேட்டின் பின்பக்கத்தில்தான் வருகின்றன. 'சக்‌ஷன் கப்'புக்கு, அதாவது கருவியைக் கண்ணாடியில் ஒட்டவைக்கும் கிண்ணத்துக்கு, 'கவ்வுக் கிண்ணம்' போட்டிருக்கிறேன். அழுக்குப் படிந்து பிடிக்காமல் போனால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் எனக்கு அது கழன்று மடியில் விழுந்தது, அதனால் அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடவும்.

பத்தி இப்படி வருகிறது, பாருங்கள்:

"வண்டியை வெயிலில் நிறுத்தும்போது கருவியைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லவும். சில மாதம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜுடன் வீட்டில் சூடில்லாத இடத்தில் வைக்கவும். அவ்வப்போது எடுத்து, சார்ஜ் இறங்கியிருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றவும். நீண்ட நாள் கழித்து இயக்கும்போது வெறுந்தொடக்கம் நிகழும். மரமோ மேம்பாலமோ மறைக்காத இடத்தில் வண்டியை நிறுத்திச் சில நிமிடம் பொறுக்கவும். இது பழுதல்ல."