டெக்சஸ் கிராமப் பள்ளியின் நிதிக் கணக்கு: விவரம் அறிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக மேற்கு டெக்சஸில் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே வளாகம். மொத்தமே முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். 'ஏ' முதல் 'எஃப்' வரை போடும் மாநிலத் தரமதிப்பீட்டில் எங்கள் பள்ளி மாவட்டத்துக்கு (ஊர்ப் பள்ளியை நடத்தும் உள்ளூர் நிர்வாக அமைப்பு) இம்முறை 'டி' வந்திருக்கிறது. மனம் கேட்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலவரமும் அறிந்து கவனிக்கிற ஆசிரியர்கள் இவர்கள். ஆனால் கணித ஆசிரியர் இடம் ஓராண்டாகக் காலி.

டெக்சஸில் சேர்க்கையை வைத்து அல்ல, தினசரி சராசரி வருகையை வைத்தே நிதி வருகிறது. காய்ச்சல் பரவி இருபது பிள்ளைகள் வராவிட்டாலும் பஸ் ஓடத்தானே வேண்டும்? ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகை 2019 முதல் 6,160 டாலரிலேயே நின்றது. 2025இல் 55 டாலர் கூடியது. ஆசிரியர் ஊதியத்துக்குத் தனி ஒதுக்கீடு வந்தது உண்மைதான். சராசரி வருகை 1,600க்குக் குறைவான பள்ளி மாவட்டங்களுக்கும் கூடுதல் தொகை உண்டு. எங்கள் வரவுசெலவு அறிக்கையில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

நவம்பரில் பள்ளி வரியை உயர்த்த வாக்கெடுப்பு வருகிறது. அதற்குள் அண்டை வீட்டாரிடம் தெளிவாகப் பேச விரும்புகிறேன். பள்ளி வாரியத்தில் இருந்தவர்கள், இத்தகைய அறிக்கைகளைப் படித்துப் பழகியவர்கள் யாரேனும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? வாரம் ஒரு மாலை இணையவழியில் கணிதம் சொல்லித்தர முன்வருபவர்களும் எழுதுங்கள். பள்ளி முதல்வரிடம் நானே பேசி அனுமதி வாங்குகிறேன்.