பைலிங் (அஸ்திவாரத் தூண்) போட்டாச்சா இல்லையா? (நம்ம டவுன் தமிழ்ப்பள்ளிப் புதிய கட்டடம்)

மூன்றாம் ஆண்டு அம்மா:
நேற்று கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் ஒய்.பி.யின் (நம்ம தொகுதி மக்கள் பிரதிநிதியின்) ஆள் ஒருவர் மைக்கைப் பிடித்து, "பள்ளிக் கட்டட வேலை தொடங்கிவிட்டது, பைலிங் போட்டாச்சு, பணம் வரவில்லை என்பதெல்லாம் கட்டுக்கதை" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு வயிறு எரிந்தது. என் மகள் மூன்றாம் ஆண்டு, அதாவது மூன்றாம் வகுப்பு, மாலைப் பள்ளி. அவள் வகுப்பு, மண்டபத்தைப் பிளைவூட் பலகையால் தடுத்த நான்கு அறைகளில் ஒன்று. பலகை கூரை வரைக்கும் எட்டாது. பக்கத்தில் வாய்ப்பாடு சொன்னால் இவர்களுக்குத் திருக்குறள் காதில் விழாது. மழை பெய்தால் தகரச் சத்தத்தில் ஆசிரியை பேசுவதை விட்டுவிட்டுக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார். யாராவது பள்ளித் திடலில் பைலிங்கைக் கண்ணால் பார்த்தீர்களா?

கிளைத் தொண்டன்:
நான் பார்த்தேன் அக்கா. திடல் ஓரத்தில் நாலு இடத்தில் இறக்கியிருக்கிறார்கள். இயந்திரம் ஒரு வாரம் அங்கேயே நின்றது. மண்டபத்தில் பேசியது உண்மைதான்.

சைட் சூப்பர்வைசர்:
தம்பி, அது பைலிங் இல்லை, மண் பரிசோதனை. 21 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், கேட்டுக்கொள். முக்காலி நட்டு, 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிடுவார்கள். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பைல் எவ்வளவு ஆழம் போகணும் என்று இன்ஜினியர் கணக்குப் போடுவார். முடிந்ததும் நிலத்தடி நீர் பார்க்க ஒரு பி.வி.சி. குழாயை விட்டுவிட்டுப் போவார்கள். திடலில் நிற்பது அந்த நாலு குழாய்தான். ஒன்றின் மூடியைப் பையன்கள் பிடுங்கிவிட்டார்கள், உள்ளே கல்லைப் போட்டு 'டொப்' சத்தம் கேட்கிறார்கள். பைல் என்றால் கான்கிரீட் தலை தெரியணும், கம்பி நீட்டிக்கொண்டு நிற்கணும்.

கிளைத் தொண்டன்:
மண்ணைத் தோண்டினால் வேலை தொடங்கியது என்றுதான் அர்த்தம். பணம் வராமல் யார் வந்து தோண்டுவான்?

சைட் சூப்பர்வைசர்:
தோண்டுகிற கூலிக்குப் பணம் வந்திருக்கும். கட்டடத்துக்கு வரவில்லை. மேடையில் சொன்ன வார்த்தை பைலிங். பைலிங் எங்கே?

பழைய மாணவன் 79:
இவர்கள் இப்படித்தான். எங்கள் தேசிய முன்னணி ஆட்சியில் 2012 பட்ஜெட்டில் தமிழ்ப்பள்ளிகளுக்கென்று 10 கோடி ரிங்கிட் தனியாக ஒதுக்கினோம். அதை யாரும் பேச மாட்டார்கள்.

கிளைத் தொண்டன்:
ஐயா, அந்த 10 கோடியில் நம்ம பள்ளிக்கு ஒரு செங்கல் வந்ததா? 2007 நவம்பர் 25இல் நம்ம சனம் உரிமை கேட்டுக் கோலாலம்பூர்த் தெருவில் இறங்கி, 2008 தேர்தலில் அடி விழுந்த பிறகுதான் உங்களுக்குத் தமிழ்ப்பள்ளி கண்ணில் பட்டது. அதற்கு முன் 50 வருடம் என்ன செய்தீர்கள்?

பழைய மாணவன் 79:
கெபின் வகுப்பு, அதாவது பெட்டி மாதிரித் தற்காலிக அறை, இரண்டு வந்தது எங்கள் காலத்தில். இன்றைக்கும் உன் கட்சிக்காரன் பேத்தி அதில்தான் உட்கார்ந்து படிக்கிறாள்.

மூன்றாம் ஆண்டு அம்மா:
அந்தக் கெபினில் பகல் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள் ஐயா. காற்றாடி அனல் காற்றைத்தான் சுற்றிவிடுகிறது.

ஷா ஆலம் வாசி:
நான் இந்தப் பள்ளியில் படித்தவன். இதில் ஒரு கட்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. 2018 மே முதல் 2022 நவம்பர் வரை நான்கு பிரதமர்கள் பதவியேற்றார்கள். அமைச்சர் மாறும்போதெல்லாம் மனுவை மறுபடி கொடுக்கச் சொல்வார்கள். நடுவில் 2020 மார்ச் 18 முதல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு. கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று முதலில் கேளுங்கள்.

சைட் சூப்பர்வைசர்:
தம்பி, பேச்சை மாற்றாதே. பைலிங் போட்டாச்சு என்று மைக்கில் சொன்னார்கள். போடவில்லை. அதற்குப் பதில் வேண்டும்.

தோட்டத்துப் பையன்:
நிலத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நம்முடையது பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது, நிலம் இன்னும் தோட்டக் கம்பெனி பெயரில். 1912 தொழிலாளர் சட்டம் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்கணும் என்றது, கம்பெனி ஒரு கொட்டகை போட்டுக் கிராணியை (தோட்டக் கணக்குப்பிள்ளையை) வாத்தியாராக்கியது. அந்தக் கொட்டகை நின்ற நிலம்தான் இது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்களைத் துண்டு போட்டு வீட்டுமனைக்கு விற்றார்கள், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீடுகளிலிருந்து கிளம்பிய சனமெல்லாம் டவுனுக்கு வந்துவிட்டது. தோட்டப் பள்ளிகள் காலி, நம்ம பள்ளியில் உட்கார இடமில்லை. பட்டாவை மாற்றாமல் எந்தப் பணம் வந்தாலும் இழுபறிதான். பள்ளி வாரியம் இத்தனை வருடம் என்ன செய்தது?

பழைய மாணவன் 79:
வாரியத்தைப் பேசாதே. உன் மாமா அதில் பத்து வருடம் இருந்தவர்தானே?

தோட்டத்துப் பையன்:
இருந்தார். பட்டாவுக்காகக் கம்பெனி வாசலில் எத்தனை தடவை நின்றார் என்று உங்களுக்குத் தெரியுமா? அவரைக் கூட்டம் போட்டுத் தூக்கியது நீங்கள். இப்போது அவர் உயிரோடு இல்லை. அவரை இழுக்காதீர்கள்.

கிளைத் தொண்டன்:
பக்கத்துத் தோட்டப் பள்ளியில் முப்பது பிள்ளைகூட இல்லை. ஒரு பஸ் போட்டால் நெரிசல் பாதி குறையும். அதைச் சொன்னால் எல்லாரும் பாய்கிறீர்கள்.

தோட்டத்துப் பையன்:
150க்குக் குறைந்தாலே குறைந்த மாணவர் பள்ளி என்று பட்டியல் போடுகிறார்கள். பஸ் போடுவது வேறு, மூடுவது வேறு. இன்றைக்குப் பஸ் என்பீர்கள், நாளைக்குப் பூட்டு என்பீர்கள். உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.

கிளைத் தொண்டன்:
அது என் குடும்ப விஷயம்.

தோட்டத்துப் பையன்:
சீனப்பள்ளி. ஊருக்கே தெரியும். நம்ம பள்ளிக்குக் கட்டடம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன உங்களுக்கு?

கிளைத் தொண்டன்:
நான் படித்தது இந்தப் பள்ளியில். ஒவ்வொரு வருடமும் விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் நான்தான் கட்டுகிறேன். நீங்கள் ஒரு கயிறு பிடித்ததுண்டா? கோயில் ராஜகோபுரத்துக்கு மட்டும் வீடு வீடாக வசூல் செய்தீர்களே, அந்த வேகம் பள்ளிக்கு எங்கே போனது?

பழைய மாணவன் 79:
கோயிலை இழுக்காதே. அது சனம் வேண்டிக்கொண்டு கொடுத்த காசு.

மூன்றாம் ஆண்டு அம்மா:
நிறுத்துங்கள். நான் கேட்டது வேறு. என் மகள் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை. போத்தல் கொடுத்துவிட்டபடியே தண்ணீர் குறையாமல் வீட்டுக்கு வருகிறது. ஏன் என்று கேட்டேன். பெண்பிள்ளைகள் கழிவறையில் இரண்டு கதவுதான் பூட்டுகிறதாம். ஓய்வு நேரம் முழுக்க வரிசையில் போய்விடும், சாப்பிட முடியாது, அதனால் குடிக்க மாட்டேன் என்கிறாள். ஒன்பது வயது. புதிய கட்டடத்தில் மாடிக்கு மாடி கழிவறை வரும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வரைபடம் காட்டினார்கள். அவள் ஆறாம் ஆண்டு முடிப்பதற்குள் அது வருமா?

கிளைத் தொண்டன்:
வரும் அக்கா. அதனால்தான் சொல்கிறேன், வேலை தொடங்கிவிட்டது.

சைட் சூப்பர்வைசர்:
தொடங்கவில்லை! அந்த அம்மாவுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்காதே. டெண்டர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களா? குத்தகையாளர் பெயர்ப்பலகை நிற்கிறதா? வேலி போட்டார்களா? பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடத்தில் வேலியே இல்லாமல் எவன் பைலிங் போடுவான்? நிற்பது நாலு குழாய். நாலு குழாயைக் காட்டித் தேர்தல் வரைக்கும் ஓட்டலாம் என்று நினைக்கிறீர்கள்.

ஷா ஆலம் வாசி:
அண்ணே, மண் பரிசோதனை முடிந்ததே ஒரு படி முன்னேற்றம்தானே? அதையாவது ஒத்துக்கொள்ளலாமே.

சைட் சூப்பர்வைசர்:
ஊரை விட்டுப் போனவர் ஷா ஆலமில் ஏர்கான் போட்டு உட்கார்ந்து படி எண்ணலாம். நான் தினமும் அந்தத் திடலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். குழாயைச் சுற்றிப் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. தம்பி தொண்டா, நாளைக் காலை ஏழு மணிக்குத் திடலுக்கு வா. ஒரு பைலைக் காட்டு போதும்.

கிளைத் தொண்டன்:
நான் ஏன் உங்களிடம் வந்து நிற்கணும்? பணம் வந்ததற்கான கடிதம் ஒய்.பி. அலுவலகத்தில் இருக்கிறது, வந்து பாருங்கள்.

பழைய மாணவன் 79:
கடிதத்தை இங்கேயே போடு. எல்லாரும் படிக்கிறோம்.

கிளைத் தொண்டன்:
உங்களுக்குக் காட்டணும் என்று எனக்குக் கட்டாயம் இல்லை.

தோட்டத்துப் பையன்:
இப்போது திடல் பக்கம் போய்விட்டு வந்தேன். குழாய் நாலு இல்லை, ஐந்து. ஒன்று கால்வாய் ஓரம் புல்லுக்குள் இருக்கிறது.

கிளைத் தொண்டன்:
பார்த்தீர்களா? தினமும் தாண்டிப் போகிறவருக்கு ஐந்தாவது கண்ணில் படவில்லை. இவர் சொல்வதை நம்பித்தான் இவ்வளவு பேச்சு!

சைட் சூப்பர்வைசர்:
ஐந்தானாலும் குழாய் குழாய்தான். பைலிங் எங்கே?

கிளைத் தொண்டன்:
நாலு என்று சொன்னீர்களா இல்லையா, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.