செட்டிநாட்டு வீட்டுக் காவலுக்கு எந்த நாய் சரியா வரும்? உதவி பண்ணுங்க

எல்லாருக்கும் வணக்கம். பள்ளத்தூர்ல எங்க ஐயா காலத்து வீடு, ஒரு தெருவுல முகப்பு அடுத்த தெருவுல பின்வாசல், அவ்ளோ நீளம். இப்ப அங்க அப்பத்தாவும் கூடத் தங்குற அக்காவும் மட்டும்தான், நாங்கல்லாம் சென்னைல. போன மாசம் ராத்திரி யாரோ பின்கட்டு ஓட்டு மேல ஏறி இறங்கி ரெண்டு பித்தளை அண்டாவ தூக்கிட்டுப் போயிட்டாங்க, அப்பத்தாவுக்கு விடிஞ்சப்புறம்தான் தெரியும், அதுலருந்து எனக்கு தூக்கமே இல்ல.

கேமரா வச்சாச்சு, ஆனா கேமரா குரைக்காதுல்ல. சித்தப்பா ஜெர்மன் ஷெப்பர்டுங்கறாரு, அவ்ளோ முடிய வச்சிக்கிட்டு அது நம்மூரு சித்திரை வெயில்ல என்ன பாடுபடும்? எனக்கு நாட்டு நாய்தான் மனசுல. ராஜபாளையம், 2005ல தபால்தலையே போட்டாங்க, ஆனா வெள்ளைக் குட்டிங்கள்ல சிலதுக்குக் காது கேக்காது, வாங்கும்போது கை தட்டிப் பாத்தா போதுமா இல்ல டாக்டர்ட்ட காட்டணுமா? சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு ஓடுற நாய், வளவுக்குள்ள அடைச்சு வச்சா பாவம். கோம்பை காவலுக்கு கெட்டிதான், ஆனா 80 வயசு அப்பத்தா சொன்னா கேக்குமா, இழுத்துக் கீழ தள்ளிட்டா என்ன பண்றது, அதான் பெரிய பயம்.

இன்னொண்ணு, முகப்புத் திண்ணைல ஒரு செவலை தெருநாய் படுத்திருக்கும், அப்பத்தா தினம் சோறு வைப்பாங்க, புது ஆள் வந்தா விடாது. அதுக்கே ரேபிஸ் ஊசி போட்டு வீட்டுக்குள்ள பழக்கலாமா? வளத்தவங்க சொல்லுங்க.