மறு: 'லீகல் திரில்லர்' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> 'சட்டத் திகில் புதினம்' என்று வைத்துக்கொள்ளலாமா?

எனக்கு ஒப்பவில்லை. திகில் என்றதும் நம் வாசகருக்குப் பாழடைந்த பங்களாவும் கொலுசுச் சத்தமும்தான் நினைவுக்கு வரும். லீகல் திரில்லர் என்பது கோர்ட் வழக்கைச் சுற்றி விறுவிறுப்பாக ஓடும் கதை. இந்த நாவல்களில் ஒருவர் கேட்கிறார், கூண்டில் நிற்பவர் பதில் சொல்கிறார், அவ்வளவுதான். அதற்கே போன வாரம் அப்படி ஒன்றைப் படித்துக்கொண்டு மின்சார ரயிலில் பூங்கா நிலையத்தில் இறங்க வேண்டியவன் கடற்கரை வரை போய்த் திரும்பினேன். சாட்சி "ஆமாம்" என்று வாயை விட்டுவிட்டார். அடுத்த கேள்வி மறுபக்கத்தில். வண்டி நின்றதை யார் பார்த்தார்கள்?

'மர்ம நாவல்' என்பதும் ஒட்டாது. யார் செய்தது என்பது சில நாவல்களில் முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்ததை நிரூபிக்க முடியுமா என்பதில்தான் பிடி இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் சிலம்பைத் திருடியது பொற்கொல்லன் என்று நமக்கு முன்பே தெரியும். இருந்தும் வழக்குரை காதையில், தன் சிலம்பின் பரல் முத்து என்று பாண்டியன் சொன்னதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கண்ணகி உடைக்கிறாள், மாணிக்கம் அவன் வாயருகே தெறிக்கிறது. சான்றுப் பொருளை இதைவிடக் கச்சிதமாக மன்றத்தில் காட்ட முடியுமா என்ன!

நம் ஊர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கும் அப்படித்தான். 1944இல் நடந்த கொலை. நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் விடுதலையானார்கள். முடிவு தெரிந்தும் இன்றுவரை அலுக்காமல் பேசுகிறோம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'துப்பறியும் நாவல்' என்று நம் முன்னோர் பெயர் வைத்தபோது, அதில் பரபரப்பு, விறுவிறுப்பு என்று எதையும் சேர்க்கவில்லை. கதைக்குள் நடக்கும் வேலையைப் பெயராக்கினார்கள். பரபரப்பு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அதே வழியில் 'வழக்காடும் நாவல்' என்கிறேன்.

இதில் இன்னொரு வசதி, 'ஆடுதல்'. எதிராளி இருந்தால்தான் ஆட்டம். ஒருமுறை செஷன்ஸ் கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்தேன். குறுக்கு விசாரணையில் வக்கீல் பாய்ந்து பாய்ந்து கேட்ட கேள்வியெல்லாம், நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சில், சாட்சியே பேசுவது போல, "நான் பொய்ச் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல" என்று ஒரே சாந்தமான வரியாக இறங்கியது. நாவலாசிரியரின் வேலை அந்த வரிக்குள் அடங்கிப்போன மூச்சிரைப்பைத் திரும்ப வெளியே எடுப்பதுதான். 'சட்டம்' என்று தொடங்கும் பெயரில் இது வராது. சட்டப் புத்தகம் அலமாரியில் சும்மா இருக்கும் பொருள்.

மறுப்புகளும் எனக்கே தோன்றுகின்றன. 'வழக்காடு மன்றம்' என்றால் கோயில் திருவிழாவில் கம்பனைக் கூண்டில் ஏற்றும் மேடை நிகழ்ச்சி ஞாபகம் வரும். வரட்டும், அதுவும் வழக்காட்டம்தானே. மக்களிடையே வழங்கிவரும் மரபுகளை நாட்டுப்புறவியலார் சொல்லும் 'வழக்காறு' பக்கத்து வீட்டுச் சொல். எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொண்டால் போதும். கோர்ட் வாசலையே மிதிக்காமல், வக்கீல் ஆபீசுக்குள்ளேயே ஓடும் நாவல்களை என்ன செய்வது என்பதுதான் எனக்கு இடிக்கிறது. அங்கேயும் வழக்குக் கட்டு ஒன்று மேசையில் இருக்கும், வாய்தா தேதி நெருங்கிக்கொண்டிருக்கும். அதனால் ஒப்பேற்றலாம் என்று நினைக்கிறேன்.

அகராதிப் பதிவுக்கு 'வழக்காடு நாவல்' என்று சுருக்குவதா, 'வழக்காடும்' என்று முழுசாக விடுவதா? என் ஓட்டு பின்னதற்கு. 'புதினம்' வேண்டும் என்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை.