சேகா தாளத்துக்குத் தனி சீக்வென்சரா, லேப்டாப்பா?

ரோஸ்ஹில்வாசி:
கல்யாண மேடையில் நம் மொரீஷியஸ் சேகா இசையும் தமிழ்ப் பாட்டும் மாறிமாறி வாசிக்க வேண்டும். ரவான் (சேகாவின் தோல் மேளம்), தவில் சாம்பிள்கள் (பதிவு செய்த ஒலித்துண்டுகள்) லேப்டாப்பில் உள்ளன. வெளியே இரண்டு சிந்தசைசர்கள். தனி சீக்வென்சர் பெட்டி (தாளத்தை 'ஸ்டெப்' எனும் சின்னக் கட்டங்களாக எழுதி ஓட்டும் கருவி) வாங்கலாமா, லேப்டாப்பே போதுமா?

தாளக்கட்டு:
வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள்: ஒவ்வொரு டிராக்குக்கும் (ஒரு வாத்தியத்தின் ஸ்டெப் வரிசைக்கும்) தனி நீளம் வைக்க முடிகிறதா? 16 ஸ்டெப்பிலேயே நிற்கிற பெட்டி நமக்கு ஆகாது. சேகாவின் 6/8-க்கு 12 ஸ்டெப். பெரிய அடி 1, 7-இல். மிஸ்ர சாபுக்கு 14. அடி 1, 7, 11-இல். திஸ்ர நடை ஆதி தாளத்துக்கு 24, அதாவது 16 ஸ்டெப் பக்கம் இரண்டு வேண்டும்.

டெம்போவில்தான் பலர் தடுமாறுவார்கள். பெட்டி கால் நோட்டை எண்ணுகிறது, சேகாவின் அடியோ ஒன்றரைக் கால் நோட்டு. நிமிடத்துக்கு 100 அடி வேண்டுமென்றால் 150 வையுங்கள். ஸ்விங் குமிழைத் தொடாதீர்கள். அது இரட்டைப்படை ஸ்டெப்புகளை மட்டும் தள்ளும், அரைக்கால் நோட்டுகள் விழும் 3, 5, 9, 11 அசையாது. ரவானின் இழுப்பு வேண்டுமானால் ஸ்டெப்பைத் தனித்தனியாக நகர்த்தும் வசதி அவசியம்.

மோக்கா ரசிகன்:
அண்ணா சொன்னது சரி. ஆனால் சாம்பிள் வாசிக்காத பெட்டியை வாங்கினால் லேப்டாப்பும் கூடவே மேடைக்கு வரும். ஒன்று சாம்ப்ளர் உள்ள பெட்டி, இல்லையென்றால் லேப்டாப் மட்டும். என் ஓட்டு முதலில் லேப்டாப்புக்கு. மூன்று தாளங்களையும் மாற்றி மாற்றி எழுதிப் பழக அதுவே வசதி. ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளை 60 நாள் பணம் கட்டாமல் ஓட்டிப் பார்க்கலாம். 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (லேப்டாப் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 128 என்றால் அது கூட்டும் தாமதம் சுமார் 3 மில்லிசெகண்ட், விரலுக்குத் தெரியாது. படபடவென்று சத்தம் வெடித்தால் 256-க்கு ஏற்றுங்கள்.

தாளக்கட்டு:
லேப்டாப்பும் பெட்டியும் சேர்ந்தால் கிளாக்கை (எல்லாக் கருவிகளையும் ஒரே வேகத்தில் ஓட்டும் துடிப்பை) பெட்டி கொடுக்கட்டும், லேப்டாப் பின்தொடரட்டும். யூஎஸ்பி வழியாக லேப்டாப் அனுப்பும் கிளாக் சற்று நடுங்கும். இன்னொன்று: ஐந்து முள் மிடி (கருவிகளுக்கு நோட்டுக் கட்டளை அனுப்பும் முறை) கேபிளில் ஒரு நோட்டு போய்ச்சேர ஏறத்தாழ 1 மில்லிசெகண்ட். ஒரே ஸ்டெப்பில் பத்து நோட்டு குவித்தால் கடைசி நோட்டு பத்து மில்லிசெகண்ட் பிந்தும். இரண்டு சிந்தசைசர்களையும் தனித்தனி மிடி அவுட்டில் மாட்டுங்கள்.

கடலோரம்:
சார்ஜர் மாட்டியதும் மிக்ஸரில் 'உம்' என்று இரைந்தால் கிரவுண்ட் லூப்பாக (எர்த் இரண்டு வழியாக இணைவதாக) இருக்கலாம். ஆடியோ கேபிளுக்கு நடுவே கிரவுண்ட் லிஃப்ட் (ஆடியோ கேபிளின் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பெட்டி (கருவியை மிக்ஸரோடு இணைக்கும் இடைக்கருவி) வையுங்கள். சார்ஜரின் எர்த் முள்ளை மட்டும் ஒருபோதும் பிடுங்காதீர்கள். சின்ன ஜாக் மிடி அடாப்டரில் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு. மாறிப்போனால் ஒரு நோட்டும் போகாது, பெட்டி கெட்டுவிட்டதென்று நினைத்துவிடுவீர்கள்.