சிகாகோ 'எல்' (பாலத்து மேல ஓடுற) ரயில்: ஓடிட்டு இருக்கும்போதே பாலத்த எப்படி மாத்துனாங்க?

ஜன்னல்சீட்:
சிகாகோ வந்து 2 மாசம் ஆச்சு, ரெட் லைன்லதான் ஆபீஸ் போறேன். லாரன்ஸ்ல இருந்து பிரின் மார் வரைக்கும் பாலம், ஸ்டேஷன் எல்லாம் புத்தம்புதுசு, முன்னாடி இருந்தது நூறு வருஷத்து பழசாம். இவ்ளோ கூட்டம் போற லைன நிறுத்தாம எப்படிங்க இடிச்சு கட்டுனாங்க?

தண்டவாளம்:
அங்க 4 டிராக் இருக்குல்ல, அதான் விஷயமே. ஒரு பக்கம் 2 டிராக்க மூடி இடிச்சுட்டு மிச்ச 2-ல ரெட் லைனும் பக்கத்துலயே போற பர்ப்பிள் லைனும் சேர்ந்து ஓடுச்சு, அந்தப் பக்கம் கட்டி முடிச்சதும் ரயில புதுசுக்கு மாத்திட்டு பழசுல கை வச்சாங்க. சுத்தி வீடும் சந்துமா கிடக்கு, சாதா கிரேன் நிறுத்த இடமில்ல, அதனால மேலயே நகர்ற கேன்ட்ரி (பாலம் மாதிரி இருக்குற தூக்கு எந்திரம்) வச்சு ரெடிமேட் கான்கிரீட் துண்டுகள ஒவ்வொண்ணா அடுக்கிட்டே போனாங்க.

குளிர்க்காரன்:
சொல்றதுக்கு ஈஸி பாஸ். நடுவுல இருக்குற லாரன்ஸ், பெர்வின் ஸ்டேஷன் ரெண்டும் 2021 மே-ல மூடுனது, 2025 ஜூலைலதான் திறந்துச்சு. ஆர்கைல்லயும் பிரின் மார்லயும் தற்காலிக ஸ்டேஷன்தான். ஜனவரி பனியில பக்கத்து ஸ்டேஷனுக்கு நடந்தவனுக்குத்தான் தெரியும்.

தண்டவாளம்:
உண்மைதான் 😄 இதே திட்டத்துல இன்னொண்ணு: முன்னாடி பெல்மான்ட் ஸ்டேஷன் தாண்டி வடக்க போற பிரவுன் லைன் ரயில் ரெட், பர்ப்பிள் டிராக்க குறுக்க வெட்டிட்டு போகும், எல்லாம் காத்து கிடந்துச்சு. அந்த டிராக்குக்கு மேலால போற பைபாஸ் பாலம் 2021 நவம்பர்ல வந்துச்சு. அங்கேயே தண்டவாள வளைவ நேராக்க இடைஞ்சலா இருந்த 1894 கட்டிடத்த இடிக்காம அப்படியே தூக்கி சுமார் 30 அடி நகர்த்தி வச்சாங்க.

ஜன்னல்சீட்:
கட்டிடத்தயேவா?! நாளைக்கு பெல்மான்ட்ல இறங்கி பாத்துட்டு வரேன்.